நியூயார்க்கில் இருக்கும் அந்த ‘யார்க்’ யார்? இரண்டாம் ஜேம்ஸும் அமெரிக்கக் காலனிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க் என்ற பெயர் இங்கிலாந்தின் யார்க் நகரத்திலிருந்து வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முழுக்கத் தப்பில்லை. ஆனால் ஊருக்காக வைத்த பெயர் இல்லை, ஆளுக்காக வைத்த பெயர். அந்த ஆளைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளும் பதில்களும் இங்கே. தேதிகளைப் பற்றி முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: அன்றைக்கு இங்கிலாந்தின் காலண்டர் ஐரோப்பாவின் மற்ற பல நாடுகளைவிடப் பத்து நாள் பின்தங்கியிருந்தது. அதனால் ஒரே சம்பவத்துக்கு இரண்டு தேதிகளைப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

யார் இந்த யார்க் டியூக்?

ஜேம்ஸ் ஸ்டூவர்ட். 1633 அக்டோபர் 14 அன்று லண்டனில் பிறந்தவர். முதலாம் சார்லஸ் மன்னரின் இளைய மகன்களில் ஒருவர். மன்னரின் இரண்டாவது மகனுக்கு யார்க் டியூக், அதாவது யார்க் கோமகன், என்ற பட்டம் கொடுப்பது அங்கே வழக்கம்.

பாராளுமன்றத்தோடு நடந்த உள்நாட்டுப் போரில் அப்பா தோற்றபோது ஜேம்ஸ் எதிரிகளின் காவலில் இருந்தார். 1648இல், பதினான்கு வயதில், கண்ணாமூச்சி விளையாடுவது போலப் போக்குக் காட்டி, பெண்பிள்ளை உடை போட்டுக்கொண்டு லண்டனிலிருந்து தப்பினார். அதற்கென்றே ஒரு தையல்காரரிடம் கவுன் தைக்கக் கொடுத்திருந்தார்கள். (இந்தப் பெண்வேடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பாஸ்டனில் திரும்ப வரும்.) மறு வருடம் அப்பாவின் தலையை வெட்டினார்கள். 1660இல் அண்ணன் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறியதும் ஜேம்ஸ் கடற்படையின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 1685இல் அண்ணன் வாரிசில்லாமல் இறக்க, இவர் இரண்டாம் ஜேம்ஸ் ஆனார். மூன்று வருடம் பத்து மாதம்தான் ஆண்டார்.

ஜேம்ஸ்டவுன், ஜேம்ஸ் ஆறு, கிங் ஜேம்ஸ் பைபிள் எல்லாம் இவர் பெயரில்தானே?

இல்லை. அவையெல்லாம் தாத்தா முதலாம் ஜேம்ஸ் பெயரில். வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுன் 1607லேயே வந்துவிட்டது. கனடாவின் ஜேம்ஸ் விரிகுடா இரண்டு பேருக்கும் சம்பந்தமில்லாதது. அது தாமஸ் ஜேம்ஸ் என்ற கப்பல் தலைவரின் பெயர்.

நியூயார்க் எப்படி இவர் கைக்கு வந்தது?

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். அந்த இடம் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. பெயர் நியூ நெதர்லாந்து. மன்ஹாட்டன் தீவின் முனையில் நியூ ஆம்ஸ்டர்டாம் ஊரும் கோட்டையும். அதற்கும் முன்னால் அது யாருடைய மண் என்றால் லெனாப்பே முதலான பூர்வகுடிகளுடையது. அவர்களை யாரும் கேட்கவில்லை.

1664 மார்ச் 12 அன்று இரண்டாம் சார்லஸ் தம்பிக்கு ஒரு பத்திரம் எழுதிக்கொடுத்தார். கனெக்டிகட் ஆற்றிலிருந்து டெலவேர் ஆறு வரைக்கும் உள்ள நிலம், லாங் ஐலண்ட், மார்த்தாஸ் வின்யார்ட், நான்டக்கெட் தீவுகள், வடக்கே இன்றைய மெய்ன் மாநிலத்தில் ஒரு துண்டு. நம் ஊர்ப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுகிற மாதிரியே ஆறுகளையும் கடலையும் வைத்து எல்லை சொல்கிறது. குத்தகை எவ்வளவு தெரியுமா? வருடத்துக்கு நாற்பது பீவர் தோல். அதுவும் கேட்டால் கொடுக்க வேண்டும், கேட்டதிலிருந்து தொண்ணூறு நாள் அவகாசம் உண்டு. (பீவர் என்பது மரத்தைக் கடித்துச் சாய்த்து ஆற்றில் அணை கட்டும் விலங்கு. அதன் ரோமத்தில் செய்த தொப்பிக்கு ஐரோப்பாவில் ஏகக் கிராக்கி.)

சட்டம் போடவும், அதிகாரிகளை நியமிக்கவும், வழக்கு விசாரிக்கவும் அந்தப் பத்திரமே அதிகாரம் கொடுத்தது. மக்கள் சபை என்ற பேச்சே அதில் இல்லை. என் கணக்கில் இந்த மனிதரின் அமெரிக்கத் தொடர்பு முழுவதற்கும் திறவுகோல் இதுதான். அவர் அதை ஒரு நாடாகப் பார்க்கவில்லை, தன் பெயருக்குப் பட்டாவான நிலமாகப் பார்த்தார்.

ஒரு குண்டுகூட வெடிக்காமல் ஊர் கைமாறியது என்கிறார்களே?

உண்மை. ஜேம்ஸ் அனுப்பிய ரிச்சர்ட் நிக்கல்ஸ் 1664 ஆகஸ்ட் கடைசியில் நான்கு கப்பல்களோடு துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றார். இங்கிலாந்துக்கும் ஹாலந்துக்கும் அப்போது போர் எதுவும் இல்லை. அறிவித்ததே அடுத்த வருடம்தான்.

கோட்டையில் டச்சு கவர்னர் பீட்டர் ஸ்டைவசன்ட். ஒரு காலைப் பீரங்கிக் குண்டுக்குப் பறிகொடுத்து, வெள்ளிப் பூண் போட்ட மரக்காலோடு நடந்தவர். மனிதர் சண்டைக்குத் தயார். ஆனால் வெடிமருந்து போதாது, சுவர்கள் பலமில்லை. சரணடைந்தால் சலுகை உண்டு என்று வந்த கடிதத்தை ஊர்க்காரர்களுக்குக் காட்டாமல் கிழித்துப் போட்டார். அவர்கள் விடவில்லை, துண்டுகளைப் பொறுக்கி ஒட்டிப் படித்துவிட்டார்கள். அப்புறம் 93 பேர் கையெழுத்துப் போட்டு, சண்டை வேண்டாம் என்று மனுக் கொடுத்தார்கள். அதில் ஒரு கையெழுத்து ஸ்டைவசன்ட்டின் சொந்த மகனுடையது.

செப்டம்பர் 8 அன்று (இங்கிலாந்துக் காலண்டரில் ஆகஸ்ட் 29) கோட்டை கைமாறியது. ஊர் நியூயார்க் ஆனது, கோட்டை ஜேம்ஸ் கோட்டை ஆனது. உள்நாட்டில் ஆரஞ்சுக் கோட்டையை ஒட்டியிருந்த குடியிருப்பு ஆல்பனி ஆனது. ஜேம்ஸுக்கு ஸ்காட்லாந்தில் இருந்த பட்டம் ஆல்பனி டியூக். இன்று நியூயார்க் மாநிலத்தின் தலைநகர் அதுதான். ஆக, ஒரே ஆளின் இரண்டு பட்டங்கள் ஒரு மாநிலத்தின் பெரிய நகரத்துக்கும் தலைநகரத்துக்கும் பெயராகிவிட்டன.

சரணடைந்த நிபந்தனைகள் பரவாயில்லை என்றே சொல்ல வேண்டும். டச்சுக்காரர்கள் வீடு, நிலம், வழிபாடு, வாரிசு வழக்கம் எதையும் இழக்கவில்லை. ஸ்டைவசன்ட்டே ஹாலந்து போய்க் கணக்கு ஒப்புவித்துவிட்டு, திரும்பி வந்து தன் பண்ணையில் 1672இல் கண்ணை மூடினார்.

நியூ ஜெர்சியை ஏன் தூக்கிக் கொடுத்தார்?

நண்பர்களுக்காக. கப்பல்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே, 1664 ஜூனில், இன்னும் கையில் வராத நிலத்தில் ஹட்சன் ஆற்றுக்கும் டெலவேர் ஆற்றுக்கும் நடுவில் இருந்த நல்ல பகுதியை லார்ட் ஜான் பெர்க்லிக்கும் சர் ஜார்ஜ் கார்ட்டரெட்டுக்கும் எழுதி வைத்தார். உள்நாட்டுப் போரில் ஜெர்சி தீவை அரச தரப்புக்காகக் காத்து நின்றவர் கார்ட்டரெட். அதனால் நியூ ஜெர்சி. முதல் நாள் எழுதிய குத்தகைப் பத்திரத்தில் வாடகை ஒரு மிளகு. ஒரே ஒரு மிளகு! மிளகுக்காகக் கப்பல் கப்பலாக நம் பக்கம் வந்தவர்கள், பத்திரத்தில் அதைச் சும்மா பேருக்கு ஒரு விலையாக எழுதியிருக்கிறார்கள். சட்டப்படி கைமாற்று செல்ல ஏதாவது ஒன்று கொடுத்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நிக்கல்ஸுக்கு இந்தச் செய்தி பிறகுதான் தெரிந்தது. கஷ்டப்பட்டுப் பிடித்த இடத்தின் செழிப்பான பாதி போய்விட்டதே என்று மனம் நொந்து டியூக்குக்கு எழுதினார்.

டெலவேரும் இவர் கொடுத்ததுதானா?

ஆமாம், வில்லியம் பென்னுக்கு. பென்னின் அப்பா கடற்படை அட்மிரல், ஜேம்ஸோடு கப்பலில் இருந்தவர். அரசு அவருக்கு வைத்திருந்த 16,000 பவுண்டு கடனுக்கு ஈடாக 1681இல் இரண்டாம் சார்லஸ் மகனுக்குப் பென்சில்வேனியாவைக் கொடுத்தார். ஆனால் அதற்குக் கடல் வழி இல்லை. கடலுக்குப் போகும் வழி டியூக்கின் கையில் இருந்தது. 1682 ஆகஸ்டில் நியூ கேசில் ஊரையும் அதைச் சுற்றிப் பன்னிரண்டு மைல் வட்டத்தையும், அதற்குத் தெற்கே உள்ள பகுதியையும் ஜேம்ஸ் எழுதிக்கொடுத்தார். அந்த வட்டம் இன்னும் இருக்கிறது. அமெரிக்க வரைபடத்தில் டெலவேரின் தலைப்பகுதி, காம்பஸ் வைத்துக் கீறியது போல வளைந்திருப்பதைப் பாருங்கள்.

அந்த அக்டோபரில் பென் நியூ கேசிலில் இறங்கியபோது கோட்டைச் சாவியைக் கையில் கொடுத்தார்கள். கூடவே ஒரு குச்சி நட்ட புல்கட்டி, கிண்ணத்தில் கொஞ்சம் ஆற்று நீரும் மண்ணும். நிலம் கைமாறுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கச் செய்யும் பழைய ஆங்கிலச் சடங்கு.

டச்சுக்காரர்கள் நியூயார்க்கைத் திரும்பப் பிடித்தார்களாமே?

1673 கோடையில் பிடித்தார்கள். ஊருக்கு நியூ ஆரஞ்சு என்று பெயர் மாற்றினார்கள். அடுத்த வருட சமாதான ஒப்பந்தத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஜேம்ஸ் புதுப் பத்திரம் வாங்கிக்கொண்டார். பொறுப்பேற்க எட்மண்ட் ஆண்ட்ரோஸ் என்ற ராணுவ அதிகாரியை அனுப்பினார்.

ஜேம்ஸ் அமெரிக்காவுக்குப் போயிருக்கிறாரா?

ஒருமுறைகூட இல்லை. ஆட்சியிலிருக்கும் பிரிட்டிஷ் மன்னர் ஒருவர் அமெரிக்க ஐக்கிய நாட்டில் கால் வைத்ததே 1939இல்தான், ஆறாம் ஜார்ஜ்.

மக்கள் சபையைக் கொடுத்தாரா, பிடுங்கினாரா?

இரண்டும்.

நியூயார்க்கில் இருந்த ஆங்கிலேயர்கள், முக்கியமாக லாங் ஐலண்ட்காரர்கள், பக்கத்து நியூ இங்கிலாந்தில் (மாசசூசெட்ஸ், கனெக்டிகட் முதலான காலனிகள்) சபை இருக்கிறதே, எங்களுக்கு ஏன் இல்லை என்று ஆரம்பத்திலிருந்தே கேட்டார்கள். ஆண்ட்ரோஸ் இதை டியூக்குக்கு எழுதினார். 1676இல் வந்த பதிலின் சாரம் இது: இப்படிப்பட்ட சபைகள் தமக்கில்லாத உரிமைகளையெல்லாம் எடுத்துக்கொள்ளும், ஆட்சியின் அமைதியைக் கெடுக்கும், குறை இருந்தால் எனக்கு மனுப் போடட்டும்.

மனதை மாற்றியது பணம். 1680இல் சுங்கவரிச் சட்டம் காலாவதியானது. ஆண்ட்ரோஸ் அதைப் புதுப்பிக்கத் தவறினார். வியாபாரிகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்: வரி கட்டமாட்டோம். தொடர்ந்து வசூலித்த அதிகாரி மீதே ராஜத்துரோக வழக்குப் போட்டார்கள்! காலனியோ ஏற்கெனவே டியூக்குக்குச் செலவு வைக்கும் சொத்து. சபை கொடுத்தால் அவர்களே வரி போட்டுக் கட்டுவார்கள் என்று ஆலோசனை வந்தது. சரி என்றார்.

புது கவர்னர் தாமஸ் டாங்கன், அயர்லாந்துக் கத்தோலிக்கர், 1683 அக்டோபரில் சபையைக் கூட்டினார். அது எழுதிய உரிமைச் சாசனம் மத சுதந்திரம், ஜூரி விசாரணை, சம்மதமில்லாமல் வரியில்லை என்று அடுக்கியது. சட்டமியற்றும் அதிகாரம் கவர்னரிடமும் ஆலோசனை அவையிடமும் சபையில் கூடிய ‘மக்களிடமும்’ இருக்கும் என்றது.

டியூக்காக இருந்தபோது ஜேம்ஸ் இதற்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டார், ஆனால் அந்தக் காகிதம் அமெரிக்காவுக்குப் போகவில்லை. 1685 பிப்ரவரியில் அவர் மன்னரானதும், காலனி விவகாரங்களைக் கவனித்த லண்டன் குழு சாசனத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தது. ‘மக்கள்’ என்ற அந்தச் சொல்லே ஒரு ஆட்சேபணையாகக் குறிக்கப்பட்டது. வேறெந்த அமெரிக்கக் காலனியின் அமைப்பிலும் அந்தச் சொல் இல்லையாம். சாசனம் செல்லாது என்றார் மன்னர்.

கத்தோலிக்க மன்னர் என்பதால் மதக் கெடுபிடி இருந்ததா?

நியூயார்க்கில் நிலைமை நேர்மாறு. ஜேம்ஸ் 1660களின் கடைசியில் ரகசியமாகக் கத்தோலிக்கரானார். 1673இல், கத்தோலிக்கர்களைப் பதவிகளிலிருந்து விலக்க வந்த புது சட்டம் கேட்ட உறுதிமொழியை எடுக்க மறுத்துப் பதவிகளை விட்டபோது விஷயம் ஊருக்கே தெரிந்தது. தன் மதத்துக்கு இடம் வேண்டியவர் மற்றவர்களுக்கும் இடம் விட்டார். டாங்கன் 1687இல் அனுப்பிய அறிக்கையில் குவேக்கர்கள், யூதர்கள், இன்னும் பல பிரிவினர் என்று பட்டியல் போட்டுவிட்டு, எல்லாக் கருத்துக்காரர்களிலும் சிலர் இருக்கிறார்கள், எந்தக் கருத்தும் இல்லாதவர்கள்தான் அதிகம் என்று முடிக்கிறார். கவர்னர் அறிக்கைகளில் இப்படிச் சிரிக்க வைப்பவை குறைவு.

அடிமை வணிகத்தில் இவர் பங்கு என்ன?

நேரடிப் பங்கு, தலைமைப் பங்கு. ஆப்பிரிக்காவோடு வணிகம் செய்ய 1660இல் தொடங்கிய அரச கம்பெனியிலும், 1672இல் அதன் இடத்துக்கு வந்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியிலும் ஜேம்ஸ் தலைமையில் இருந்தார். முதலில் தங்கம், சீக்கிரமே மனிதர்கள். அட்லாண்டிக் அடிமை வணிகம் நடந்த காலம் முழுவதிலும், தனி ஒரு நிறுவனமாக மிக அதிகமான ஆப்பிரிக்கர்களை அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டுபோனது இந்தக் கம்பெனிதான்: ஒன்றரை லட்சத்துக்கும் மேல். பெரும்பாலானோர் பார்படோஸ், ஜமைக்கா போன்ற கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் இறக்கப்பட்டார்கள். கம்பெனியின் முத்திரையைப் பழுக்கக் காய்ச்சி அவர்கள் உடம்பில் சூடு போட்டார்கள்.

நியூ ஆம்ஸ்டர்டாமைப் பிடிக்க வந்த நிக்கல்ஸின் தலைமைக் கப்பலின் பெயர் ‘கினி’. மேற்கு ஆப்பிரிக்கக் கரையின் பெயர் அது.

நியூ இங்கிலாந்து டொமினியன் என்பது என்ன?

தனித்தனி காலனிகளையெல்லாம் ஒரே கவர்னரின் கீழே கட்டிப்போடும் திட்டம். மாசசூசெட்ஸின் சாசனத்தை, அதாவது தன்னைத் தானே ஆள அந்தக் காலனிக்கு உரிமை கொடுத்த அரச பத்திரத்தை, 1684லேயே, அண்ணன் காலத்தில், ரத்து செய்தாயிற்று. ஜேம்ஸ் மன்னரானதும் வேலை வேகம் பிடித்தது. 1686 டிசம்பரில் ஆண்ட்ரோஸ் பாஸ்டனில் வந்து இறங்கினார். 1688இல் நியூயார்க்கையும், கிழக்கு மேற்கு என்று பிரிந்திருந்த இரண்டு ஜெர்சிகளையும் சேர்த்து, மெய்னிலிருந்து டெலவேர் ஆறு வரை ஒரே ஆட்சி. சபை கிடையாது. ஊர்க்கூட்டம் வருடத்துக்கு ஒருமுறைதான்.

1687இல் இப்ஸ்விச் ஊர்க்காரர்கள், சபை போடாத வரியை வசூலிக்க ஆள் நியமிக்கமாட்டோம் என்றார்கள். அவர்களைத் தூண்டிய பாதிரியார் ஜான் வைஸ் சிறைக்குப் போனார், 50 பவுண்டு அபராதமும் கட்டினார். கனெக்டிகட்டில் ஆண்ட்ரோஸ் சாசனத்தைக் கேட்டு வந்தபோது, மெழுகுவத்திகள் திடீரென்று அணைந்ததாகவும், ஏற்றிப் பார்த்தால் மேஜையில் சாசனம் இல்லை என்றும், யாரோ கொண்டுபோய் ஓக் மரப் பொந்தில் ஒளித்ததாகவும் ஒரு கதை. கதை எவ்வளவு தூரம் நிஜமோ, மரம் நிஜம். 1856இல் புயலில் விழுந்தது. 1999இல் வந்த கனெக்டிகட்டின் கால் டாலர் நாணயத்தில் அந்த மரம் நிற்கிறது.

உண்மையில் வயிற்றில் புளியைக் கரைத்தது நிலம். பழைய பட்டாக்கள் சரியில்லை, புதிதாக விண்ணப்பித்துக் கட்டணம் கட்டி, வருடா வருடம் மன்னருக்கு வாடகையும் கட்டுங்கள் என்றார் ஆண்ட்ரோஸ். பூர்வகுடிகளிடம் வாங்கிய கிரயப் பத்திரங்களைக் காட்டினார்கள். அவை கரடி நகக்கீறலுக்குச் சமம் என்று அவர் சொன்னதாக எதிரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதிலெல்லாம் சென்னைக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. 1664 பத்திரத்தில் கனெக்டிகட் ஆறுதான் எல்லை என்று சொன்னேன் அல்லவா? அந்தக் கணக்கில் ஆற்றுக்கு மேற்கே இருந்த நியூ ஹேவன் என்ற சின்னக் காலனியும் டியூக்கின் நிலமாகிவிடும். அதைத் தவிர்க்க, நியூ ஹேவன்காரர்கள் அதுவரை ஒத்துப்போகாத கனெக்டிகட்டோடு வேண்டா வெறுப்பாகச் சேர்ந்துகொண்டார்கள்.

அந்த நியூ ஹேவன் காலனியின் கில்ஃபோர்டு ஊரில் 1652இல் பிறந்தவர் நத்தானியேல் ஹிக்கின்சன். ஹார்வர்டில் படித்துவிட்டுக் கிழக்கிந்தியக் கும்பினி வேலைக்கு மதராஸ் வந்தார். இரண்டாம் ஜேம்ஸ் ஆட்சியில், 1687 டிசம்பர் 30 தேதியிட்ட சாசனப்படி மதராஸ் மாநகராட்சி அமைந்து, 1688 செப்டம்பர் 29 அன்று பொறுப்பேற்றது. முதல் மேயர் இவர்தான். அப்போது கோட்டையின் கவர்னர் பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல். யேல் பல்கலைக்கழகத்தின் பெயர் அவருடையது, அதுவும் நியூ ஹேவனில்தான் இருக்கிறது.

இன்னொன்று. நத்தானியேலின் அப்பா ஜான் ஹிக்கின்சன், மாசசூசெட்ஸின் சேலம் ஊர்ப் பாதிரியார். 1689 மார்ச்சில் ஆண்ட்ரோஸ் அந்த வழியாக வந்தபோது அவரைப் பிடித்துக் கேட்டார்: நியூ இங்கிலாந்து நிலமெல்லாம் மன்னருடையதா இல்லையா? கிழவர் விட்டுக்கொடுக்கவில்லை. காட்டைத் திருத்திக் குடியேறியவர்கள் நாங்கள், பூர்வகுடிகளிடம் விலை கொடுத்தும் வாங்கியிருக்கிறோம், நிலம் எங்களுடையது என்று வாதாடினார். கடைசியில் ஆண்ட்ரோஸ் கோபத்தோடு, ஒன்று நீங்கள் பிரஜைகள், இல்லாவிட்டால் கலகக்காரர்கள் என்று பேச்சை வெட்டினார். மகன் மன்னரின் பெயரால் வந்த மாநகராட்சியில் மேயர் அங்கியைப் போட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

இவர் ஆட்சி அமெரிக்காவில் எப்படி முடிந்தது?

1688 நவம்பரில் ஜேம்ஸின் மருமகன், ஆரஞ்சு இளவரசர் வில்லியம், படையோடு இங்கிலாந்தில் இறங்கினார். டிசம்பரில் ஜேம்ஸ் ராஜ முத்திரையைத் தேம்ஸ் ஆற்றில் வீசிவிட்டு ஓடினார். மீனவர்கள் பிடித்துக் கொண்டுவந்தார்கள். மறுபடி ஓடினார், இந்த முறை பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தார்.

செய்தி அட்லாண்டிக்கைத் தாண்ட மாதங்கள் பிடித்தன. பாஸ்டனில் 1689 ஏப்ரல் 18 அன்று ஜனங்கள் ஆயுதத்தோடு தெருவுக்கு வந்தார்கள். ஆண்ட்ரோஸ் கோட்டையில் சரணடைந்தார். பிறகு பெண்வேடம் போட்டுத் தப்பப் பார்த்தார், செருப்பு காட்டிக்கொடுத்துவிட்டது என்று எதிரிகள் ஒரு கதையைப் பரப்பினார்கள். எஜமானருக்குப் பதினான்கு வயதில் கைகொடுத்த உத்தி இவருக்கு உதவவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

நியூயார்க்கில் ஜேக்கப் லீஸ்லர் என்ற வியாபாரியும் ஊர்ப்படையும் கோட்டையைப் பிடித்தார்கள். வில்லியத்தின் பெயரால் இரண்டு வருடம் ஆண்ட அவரை, அதே வில்லியம் அனுப்பிய கவர்னர் 1691 மே மாதம் தூக்கிலிட்டார். நான்கு வருடம் கழித்து லண்டன் பாராளுமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது. ஆள் போன பிறகு!

ஜேம்ஸ் 1701 செப்டம்பரில் பாரிசுக்கு வெளியே, பிரெஞ்சு மன்னர் கொடுத்த அரண்மனையில் இறந்தார்.

இன்றைய வரைபடத்தில் இவரும் இவர் குடும்பமும் எங்கெல்லாம் இருக்கிறார்கள்?

1683 நவம்பரில் நியூயார்க்கைப் பன்னிரண்டு கவுன்டிகளாக (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பிரித்தார்கள். அந்தப் பட்டியலே ஒரு குடும்ப அட்டை மாதிரி. புரூக்ளினின் கவுன்டிப் பெயர் கிங்ஸ்: அண்ணன் சார்லஸ். குயின்ஸ்: அண்ணி கேத்தரின், பம்பாயைச் சீதனமாகக் கொண்டுவந்த போர்ச்சுகல் இளவரசி. ஸ்டேட்டன் ஐலண்டின் ரிச்மண்ட்: அண்ணனுக்கு வெளியில் பிறந்த மகன். டச்சஸ்: ஜேம்ஸின் இரண்டாவது மனைவி மேரி. அல்ஸ்டர்: ஜேம்ஸுக்கு அயர்லாந்தில் இருந்த பட்டம். இவரைத் துரத்தியவர்களும் வரைபடத்தில் உண்டு. மேரிலாந்தின் அன்னாபொலிஸ் இளைய மகள் ஆன் பெயர். வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் மருமகன் பெயர். அங்கேயே வில்லியம் அண்டு மேரி கல்லூரி, மருமகனும் மூத்த மகளும்.

நியூயார்க் நகர முத்திரையில் ரொம்ப காலமாக 1664 என்ற ஆண்டு இருந்தது. ஆங்கிலேயர் பிடித்த வருடத்தை ஏன் கொண்டாட வேண்டும் என்று 1970களில் கேள்வி எழுந்து, அதை 1625 என்று டச்சுக் கணக்குக்கு மாற்றிவிட்டார்கள். முத்திரையில் இருந்த பீவர்களை மட்டும் எடுக்கவில்லை.